கேடிலா வண்டிக்குக் கேடு வந்த கதை

விழாத் தலைவர் அவர்களே, சங்கத்தின் செயலாளர், பொருளாளர் பெருமக்களே, தொழிற்பயிற்சி நிலையத்தின் முதல்வர் அம்மா அவர்களே, உதிரிபாக வணிகப் பெரியவர்களே, ஐம்பது வருஷமாக ஸ்பேனர் பிடித்த கையோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்த மேஸ்திரிமார்களே, பின்வரிசையில் போனை அணைக்காமல் உட்கார்ந்திருக்கும் பயிற்சி மாணவத் தம்பிமார்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

பேரைச் சொல்லி விளிப்பதுதான் மேடை மரபு. ஆனால் ஒரு பேர் விட்டுப்போனால் அடுத்த ஆண்டு விழா வரைக்கும் மனத்தாங்கல் நிற்கும். அதனால் பதவியைச் சொல்லி வணங்கிவிட்டேன். பொன்னாடை போர்த்திய துணைத்தலைவருக்கும், அந்தப் பொன்னாடையை வாங்கிவந்த இளைஞரணித் தம்பிக்கும் தனித்தனியே நன்றி. மின்விசிறியை இந்தப் பக்கம் திருப்பிவைத்த பந்தல்காரருக்கும் நன்றி.

அழைப்பிதழில் 'கேடிலாக்: ஓர் அமெரிக்க வண்டியின் வரலாறும் பேரும்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். ஐந்து செய்திகள் சொல்ல வேண்டும். ஒன்று, அளவுத் துல்லியம். இரண்டு, செல்ஃப் ஸ்டார்ட்டர். மூன்று, விளம்பரம். நான்கு, பின்பக்க மீன்துடுப்பு. ஐந்து, எண்பதுகளின் சறுக்கல். ஐந்தையும் சொல்லி முடிப்பேன் என்று தலைவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். பார்ப்போம்.

1701-ல் டெட்ராய்ட் நகருக்கு அடிகோலிய பிரெஞ்சுக்காரரின் பேர்தான் இந்த வண்டியின் பேர். நம் காதுக்கு அது 'கேடு இலா' என்று விழுகிறது. பேருக்கேற்றபடி கேடில்லாமல் ஓடிய காலமும் உண்டு, கேட்டைத் தானே தேடிப்போன காலமும் உண்டு. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு பழமொழி: அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது.

1902-ல் ஹென்றி ஃபோர்டு தன் பேரிலேயே நடந்த ஒரு கம்பெனியை விட்டு, பணம் போட்டவர்களோடு ஒத்துப்போகாமல் வெளியேறினார். மிச்சமிருந்த ஆலையையும் எந்திரங்களையும் விற்றுக் காசாக்கலாம் என்று முதலாளிகள் நினைத்தார்கள். மதிப்புப் போட ஹென்றி லேலண்ட் என்ற பெரியவரை அழைத்தார்கள். துப்பாக்கித் தொழிற்சாலையிலும், அளவுக்கருவி செய்யும் பிரவுன் அண்ட் ஷார்ப் கம்பெனியிலும் வேலை பழகியவர் அவர். மதிப்புப் போட வந்தவர், ஆலையை விற்கவேண்டாம், தன்னிடம் இருக்கும் ஒற்றை சிலிண்டர் எஞ்சினை வைத்து வண்டி செய்யலாம் என்று யோசனை சொன்னார். கேடிலாக் பிறந்தது அப்படித்தான். இதே லேலண்ட் 1917-ல் கேடிலாக்கை விட்டுப் போய் லிங்கன் கம்பெனியைத் தொடங்கினார். அது நொடித்து, 1922-ல் 80 லட்சம் டாலருக்கு வாங்கியவர் யார்? அதே ஹென்றி ஃபோர்டு. இருபது வருஷத்துக் கணக்கை வட்டியோடு தீர்த்துக்கொண்டார் என்றுதான் சொல்லவேண்டும்.

முதல் செய்திக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லத் தலைவர் பொறுத்தருள வேண்டும்.

அந்தக் காலத்தில் கார் செய்வது தச்சுவேலை மாதிரி. ஒரு பாகத்தை வார்ப்பார்கள், கடைவார்கள். கடைசியில் ஃபிட்டர் ஒருவர் அரத்தை எடுத்து ராவி ராவி அந்த ஒரு வண்டிக்கு மட்டும் பொருந்தும்படி உட்காரவைப்பார். பக்கத்து வண்டியின் பிஸ்டனைக் கழற்றி இதில் போட்டால் ஒன்று இறுகும், இல்லை ஆடும். ஐரோப்பாவில் இதையே கைவண்ணம் என்று பெருமை பேசினார்கள். அமெரிக்க வண்டியா, மலிவுச் சரக்கு என்று மூக்கைச் சுளித்தார்கள்.

1908, பிப்ரவரி 29. லண்டனில் கேடிலாக்கை விற்றுவந்த ஃபிரெடரிக் பென்னெட், ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் சோதனைக்கு வண்டிகளை ஒப்படைத்தார். கடையில் நின்ற வண்டிகளில் மூன்றைக் கிளப்காரர்களே பொறுக்கினார்கள். மூன்றும் ஒற்றை சிலிண்டர் வண்டிகள். சிலிண்டரின் துளை 5 அங்குலம், பிஸ்டனின் வீச்சு 5 அங்குலம். புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்துக்கு ஓட்டிப்போய்ச் சில சுற்று ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒரு கொட்டகையில் நிறுத்தி மூன்றையும் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றினார்கள். வண்டிக்கு 721 பாகம். மூன்றுக்கும் சேர்த்து 2,163. எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டிக் கலந்தார்கள். அதோடு விட்டார்களா? மிகத் துல்லியம் வேண்டிய பாகங்களாகப் பார்த்து 89-ஐ எடுத்து ஒதுக்கிவிட்டு, கடையின் உதிரிபாக அலமாரியிலிருந்து வேறு 89-ஐக் கொண்டுவந்து குவியலில் போட்டார்கள்.

தம்பிமார்களே, இப்போது அந்தக் கொட்டகையில் நீங்கள் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று வண்டியும் மூன்று நிறம். எது எந்த வண்டியின் சாமான் என்று சொல்ல ஒரு வழியும் இல்லை. கையில் ஸ்பேனர், திருப்புளி, சுத்தியல், குறடு. அரம் தொடக்கூடாது, ராவக்கூடாது, தேய்க்கக்கூடாது. குவியலிலிருந்து எது வருகிறதோ அதை எடுத்து மாட்டவேண்டும். மெக்கானிக்குகள் மாட்டினார்கள். பல வண்ணத் தகடுகளோடு கோமாளிச் சட்டை போட்ட மாதிரி மூன்று வண்டிகள் எழுந்து நின்றன. ஸ்டார்ட் ஆயின. 500 மைல் தடத்தில் ஓடின. மார்ச் 13-ல் சோதனை முடிந்தது. ஒரு வண்டியைப் பூட்டிவைத்து, ஜூன் மாதம் 2,000 மைல் நம்பகச் சோதனைக்கு அப்படியே அனுப்பினார்கள்; தன் பிரிவில் அது ஜெயித்தது. மோட்டார் தொழிலின் சிறந்த சாதனைக்கு அந்தக் கிளப் தரும் டூவார் கோப்பை கேடிலாக்குக்குக் கிடைத்தது. 'உலகின் அளவுகோல்' என்று கேடிலாக் தன்னைச் சொல்லிக்கொள்ளும் தெம்பு இந்தக் கொட்டகையில் வந்ததுதான்.

கைதட்டலுக்கு நன்றி. ஆனால் கைதட்டல் அந்த மெக்கானிக்குகளுக்குப் போகக்கூடாது. அவர்கள் வெறுமனே மாட்டினார்கள், அவ்வளவுதான். கைதட்ட வேண்டியது டெட்ராய்ட்டில் ஒவ்வொரு பாகத்தையும், சரியானது ஒன்றில் நுழைந்து மற்றதில் நுழையாத 'போகும் கேஜ், போகாத கேஜ்' இரண்டிலும் விட்டுப் பார்த்துத் தேறாததைத் தூக்கி எறிந்த ஆளுக்கு. ஸ்வீடன்காரர் ஜோஹான்சன் செய்த, அளவு பிசகாத எஃகுக் கட்டைகளான ஸ்லிப் கேஜ் கட்டைகளையும் லேலண்ட் தன் ஆலைக்கு வரவழைத்தார். கட்டைகளின் முகத்தைத் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்றைக் குறுக்கே வைத்து, லேசாக அழுத்தித் திருப்பினால் பசை இல்லாமலே ஒட்டிக்கொள்ளும். தூசு இருந்தால் ஒட்டாது. ஒட்டாவிட்டால் அந்த அளவை நம்பக்கூடாது. விரல்ரேகை பட்டுத் துடைக்காமல் வைத்தால் துரு ஏறும். கட்டையின் அளவு 20 டிகிரி வெப்பத்துக்குச் சொன்னது. வேலைப்பாகம் கடைசலிலிருந்து சூடாக 35 டிகிரியில் இருந்தால், 100 மில்லிமீட்டர் எஃகு 17 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 17 பங்கு, நீண்டு நிற்கும். சூடாக அளந்து 'சரி' என்று எடுத்துவைத்த பாகம் ஆறினதும் ஏன் தொளதொளக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. அச்சாணி இருந்தும் அளவு தப்பினால் நாலு சாண் ஓடும், அவ்வளவே.

இரண்டாவது, செல்ஃப். அன்றைக்கு வண்டியைக் கிளப்பக் கையால் கிராங்க் கம்பியைப் போட்டுச் சுற்றும்போது எஞ்சின் எதிர்வெட்டு வெட்டினால் மணிக்கட்டு முறியும். மின்மோட்டார் வைத்துச் சுற்றலாம் என்றால், அந்த பலத்துக்கு மோட்டார் எஞ்சின் அளவுக்குப் பெரிதாகும் என்றார்கள். டேட்டன் நகரத்து சார்லஸ் கெட்டரிங் அதற்கு முன் கடைகளின் பண இயந்திரத்துக்கு மோட்டார் செய்தவர். நாள் முழுக்கச் சுற்றவேண்டிய மோட்டார் வேறு, சில நொடி மட்டும் சுற்றவேண்டிய மோட்டார் வேறு என்பது அவருக்குத் தெரியும். சில நொடிக்குச் சின்ன மோட்டாரின் மேல் பல மடங்கு சுமை ஏற்றலாம். சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும். 1912 கேடிலாக்கில் அது வந்தது. எஞ்சினைச் சுற்ற 24 வோல்ட். விளக்குக்கும் சார்ஜுக்கும் 6 வோல்ட். இரண்டாவது டூவார் கோப்பையும் வந்தது. செல்ஃப் எடுக்காத வண்டியில் பத்து நொடிக்கு மேல் சாவியைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருக்கிறீர்களே, கெட்டரிங் கணக்குப் போட்டது அந்தப் பத்து நொடிக்கு அப்புறம் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துத்தான்.

மூன்றாவது, விளம்பரம். 1915 ஜனவரியில், புதிதாக வந்த வி-8 எஞ்சினின் மின்கோளாறுகளைப் போட்டிக் கம்பெனி கேலி பேசிய நேரத்தில், வண்டியின் பேரே வாசகத்தில் வராத ஒரு விளம்பரத்தைத் தியோடோர் மக்மானஸ் எழுதினார். முன்னால் போகிறவனைத்தான் ஊர் தூற்றும் என்ற கருத்தில் எழுதியது. விளம்பரத் துறையில் இன்றைக்கும் பாடமாக வைக்கிறார்கள். எனக்கென்னவோ, மின்கம்பியைச் சரிசெய்தவனைப் பற்றி ஒரு வரியும் அதில் இல்லாதது குறைதான்.

நான்காவதற்குமுன் ஒரு சர்வீஸ்காரரைச் சொல்லியே ஆகவேண்டும். 1930-களின் மந்தநிலையில், கேடிலாக்கின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடம் கேடிலாக்கை மூடிவிடலாமா என்று யோசித்தது. கறுப்பின மக்களுக்கு இந்த வண்டியை விற்பதில்லை என்பது அன்றைய கொள்கை. சர்வீஸ் பிரிவுத் தலைவர் நிக்கோலஸ் ட்ரேஸ்டட் பட்டறைகளைச் சுற்றிவந்தவர். சர்வீஸுக்கு வண்டி கொண்டுவருகிறவர்களில் கறுப்பின மருத்துவர்கள், குத்துச்சண்டை வீரர்கள், பாடகர்கள் நிறையப் பேர் இருப்பதைப் பார்த்தார். வெள்ளைக்காரர் ஒருவருக்குக் காசு கொடுத்து அவர் பேரில் வாங்கியிருக்கிறார்கள். இந்தக் கூத்து எதற்கு, நேராகவே விற்போம் என்று மேலிடத்தில் வாதாடி ஒப்புக்கொள்ள வைத்தார். விற்பனை ஏறியது. 1934-ல் அவரையே கேடிலாக்கின் தலைவராக்கினார்கள். ஷோரூம்காரருக்குத் தெரியாதது பட்டறைக்காரருக்குத் தெரிந்தது.

மீன்துடுப்பு 1948-ல் வந்தது. லாக்ஹீட் பி-38 போர்விமானத்தின் வாலைப் பார்த்து, ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்லின் குழு வரைந்தது. 1959-ல் உச்சத்துக்குப் போனது. அழகு. அவ்வளவு போதும், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

ஐந்தாவதுதான் எனக்கு வேண்டிய இடம்.

எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1978-ல் கேடிலாக் செவில் வண்டியில், அதே குழுமத்து ஓல்ட்ஸ்மொபைல் ஆலையின் 5.7 லிட்டர் டீசல் எஞ்சின் வந்தது. டீசலுக்கு, சிலிண்டருக்குள் காற்றை நெருக்கும் அழுத்த விகிதம் 22.5-க்கு ஒன்று, பெட்ரோல் எஞ்சினைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கைப் பலமாக வார்த்தார்கள், சரி. ஆனால் மேல்மூடியான ஹெட்டைப் பிளாக்கோடு பிணைக்கும் ஹெட் போல்ட் மட்டும் பெட்ரோல் எஞ்சினுக்கு இருந்த அதே வரிசை, ஹெட்டுக்குப் பத்தே போல்ட். கூடுதலாகத் துளை போட்டால் ஆலையின் எந்திர அமைப்பை மாற்றவேண்டும், செலவு. அழுத்தத்தில் போல்ட் இழுபட்டது. இரண்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் விட்டது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கியது. தண்ணீர் சுருங்காது, பிஸ்டன் மேலே வர, கனெக்டிங் ராடு வளைந்தது. டீசலில் வரும் தண்ணீரைப் பிரிக்க நல்ல செப்பரேட்டர் வைக்காததால் பம்ப் துருப்பிடித்தது வேறு. பட்டறைகளில் என்ன செய்தார்கள்? ஹெட்டை இறக்கி, புதுக் கேஸ்கெட் போட்டு, இழுபட்ட பழைய போல்ட்டையே திரும்ப முறுக்கினார்கள். அதே வண்டி அதே புகாரோடு திரும்பி வந்தது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று டெட்ராய்ட்டில் சொல்ல ஆளில்லை.

அடுத்து 1982-ல் 4.1 லிட்டர் எஞ்சின்: பிளாக் அலுமினியம், ஹெட் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல இரண்டு மடங்கு விரியும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று நழுவ, கேஸ்கெட் தேய்ந்து கூலன்ட் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்றது. அதே வருஷம், அதே குழுமத்தின் மலிவு வண்டியான ஷெவர்லே கவாலியருக்கு உடுப்பு மாற்றி சிமரோன் என்று விற்றதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாட்டுப் பந்தி ஆறிவிடும்.

1993-ல் வந்த நார்த்ஸ்டார் எஞ்சின் அருமையான எஞ்சின். அதிலும் பாருங்கள், ஹெட் போல்ட்தான். அலுமினிய பிளாக்கிலிருந்து மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. சரிசெய்யும் முறை: ஜிக் வைத்து நேராகத் துளையை விரித்து, புது மரை வெட்டி, எஃகு மரைச்செருகி இறக்கவேண்டும். பிடுங்கிய ஒன்றை மட்டும் செய்துவிட்டு மூடக்கூடாது, இருபதையும் செய்யவேண்டும்.

இங்கேதான் நம் கோரிக்கை. முறுக்கும் விசையில் பாதி போல்ட் தலையின் உராய்விலும், ஏறக்குறைய நாற்பது சதவீதம் மரையின் உராய்விலும் போய்விடும். ஹெட்டைப் பிடிப்பது மிச்சம் பத்து சதவீதம்தான். மரையில் துரு இருந்தால் அந்தப் பத்தும் இல்லை. அடிமூடிய துளையில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் போல்ட் இறங்காமலே, முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் 'டக்' என்று சொல்லும். சிலசமயம் பிளாக்கே வெடிக்கும். துளையைக் காற்றடித்துக் காயவையுங்கள். நடுவிலிருந்து வெளியே, படிப்படியாக முறுக்குங்கள். டார்க் ரெஞ்சால் போல்ட்டைக் கழற்றாதீர்கள். வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைக் குறைந்த அளவுக்கு இறக்கி வையுங்கள். அந்த ரெஞ்ச் சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க இந்த ஊரில் நமக்கு ஓர் இடம் வேண்டும். ஒரு பொது அளவறை: ஸ்லிப் கேஜ் பெட்டி ஒன்று, மைக்ரோமீட்டர் செட், போர் கேஜ், டார்க் சோதனைக் கருவி, ஒரு குளிர்சாதனம். தொழிற்பயிற்சி நிலையத்தில் அறை காலியாக இருக்கிறது என்று முதல்வர் அம்மா இப்போதுதான் தலையசைத்தார்கள். பொருளாளர் ஐயா தலையசைக்கவில்லை, அதையும் கவனித்தேன்.

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. பதினாறு சிலிண்டர் கேடிலாக்கைப் பற்றி, வெளியே வந்து கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். வாசல் மேஜையில் கோரிக்கை மனு இருக்கிறது. பக்கத்தில் ஒரே எண் போட்ட இரண்டு ஹெட் போல்ட், ஒன்று புதிது, ஒன்று கழற்றியது, ஒரு வெர்னியரோடு வைத்திருக்கிறோம். இரண்டின் நீளத்தையும் அளந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெர்னியரை மட்டும் அங்கேயே வைத்துவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.