நீங்கள் செய்வது பழைய யாழ்தானா? – யாழ் செய்யும் பயிற்சிப் பட்டறை குறித்த நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். மட்டக்களப்புக் கல்லடியில் நாங்கள் நடத்தும் யாழ் செய்யும் பயிற்சிப் பட்டறையைப் பற்றிய காணொளியைப் பார்த்துவிட்டு, அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி இரண்டு கேள்விகளை அனுப்பியிருக்கிறார். பழைய யாழ் ஒன்றுகூட இன்று எவரிடமும் இல்லாத நிலையில், நீங்கள் செய்வது உண்மையான யாழ்தான் என்று எப்படிச் சொல்ல முடியும் என்பது முதற்கேள்வி. வீணை செய்யும் ஆசாரி ஒருவரிடம் கொடுத்தால் இதைவிட நேர்த்தியாக வருமே, தச்சு வேலை தெரியாத பத்துப் பேரைக் கூட்டிவைத்துச் செய்வது எதற்காக என்பது இரண்டாவது கேள்வி. இரண்டும் நியாயமான கேள்விகள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் செய்வது மீட்டுருவாக்கம். சங்க காலத்து யாழ் எதுவும் நம் கைக்கு வந்து சேரவில்லை. வந்து சேர்ந்தவை பாட்டுகள், அவற்றின் உரைகள், சிற்பங்கள், பிறகு காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் பல ஆண்டுகள் உழைத்து எழுதிய யாழ் நூல். அந்த நூல் 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்துவிட்டார். அவருடைய சமாதி இருக்கும் ஊரிலிருந்துகொண்டு, ஊகத்தை உண்மையென்று சொல்ல எங்களுக்கு மனம் வராது. ஆகவே பட்டறையில் ஒவ்வொரு உறுப்பைச் செய்யும்போதும், இது பாட்டில் உள்ளது, இது உரையில் உள்ளது, இது நாங்களாக முடிவு செய்தது என்று பிரித்துச் சொல்லிவிட்டே உளியைக் கையில் எடுக்கிறோம்.

அப்படியானால் பாட்டில் என்னதான் இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். சங்கப் பாட்டான பொருநராற்றுப்படையின் தொடக்க அடிகளைப் பாருங்கள். பத்தர் என்னும் குடம் மானின் குளம்பு அழுந்திய தடம் போல இருபுறமும் தாழ்ந்து நடுவே உயர்ந்திருக்கிறது. அதன்மேல் தோல் இழுத்துப் போர்த்தித் தைக்கப்பட்டிருக்கிறது. துளைகளை அடைத்த ஆணிகள் வளையில் வாழும் நண்டின் கண்களைப் போல இருக்கின்றன. கோடு என்னும் தண்டு படமெடுத்த பாம்பைப் போல ஓங்கி வளைந்திருக்கிறது. நரம்புகளைக் கட்டும் திவவு பெண்ணின் முன்கையில் அடுக்கிய வளையல்களைப் போலக் கோட்டைச் சுற்றியிருக்கிறது. வாவிக்கரையில் வளர்ந்தவர்களுக்கு நண்டின் கண் எப்படித் துருத்திக்கொண்டிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. யாழை அருகில் வைத்து உற்றுப் பார்த்த ஒருவரால் மட்டுமே இப்படிச் சொல்ல முடியும். ஆனால் அளவுகள் எதுவும் அங்கே இல்லை. தோலின் தடிப்பு என்ன, நரம்பை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதையெல்லாம் கைதான் கண்டுபிடிக்க வேண்டும்.

மான் குளம்பைப் பற்றிய அந்த அடியை நான் முன்பு வெறும் அழகுக்காகச் சொன்ன உவமை என்றே நினைத்திருந்தேன். பலாக்கட்டையைக் குடைந்து, தோலுக்கு அடியில் நீளவாக்கில் ஒரு மரச்சட்டத்தை வைத்து, நனைந்த ஆட்டுத்தோலை இழுத்துத் தைத்து நிழலில் காயவிட்டால், தோல் இறுகும்போது சட்டம் இருக்கும் நடுப்பகுதி மேடாக நின்று இருபுறமும் சரிந்துவிடுகிறது. நரம்புகளைக் கட்டியதும் அந்த மேடு இன்னும் கூர்மையாகிறது. புலவர் கண்டது இதைத்தான் என்பது என் துணிபு. உரையைப் பலமுறை படித்தும் விளங்காதது, தோல் காய்ந்து முடிந்ததும் விளங்கிவிடுகிறது. கையால் செய்வதன் பயன் இதுவே.

கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலகையிலிருந்து வளைவாக அறுத்தெடுத்தால், வளைவில் மரத்தின் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, இழுவை ஏறியதும் அந்த இடத்தில் முறிந்துவிடும். இயல்பாகவே வளைந்து வளர்ந்த கிளை வேண்டும். பர்மாவில் இன்றும் வாசிக்கப்படும் வில் யாழுக்கும் வளைந்து வளர்ந்த மரத்தையே தேடி எடுக்கிறார்கள். நாங்கள் புளியங்கிளையைப் பயன்படுத்துகிறோம். நரம்புக்கு 0.8 மில்லிமீற்றர் தடிப்புள்ள தங்கூசி என்னும் நைலோன் இழையைக் கட்டுகிறோம். இது முழுக்க எங்கள் முடிவு. நீளமான நரம்பு 50 சென்ரிமீற்றர் அளவில் இருந்தால் அதன் இழுவை 2.5 முதல் 3 கிலோ வரை வரும். நாங்கள் செய்யும் செங்கோட்டியாழ் என்னும் வகைக்கு ஏழு நரம்புகள். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 20 கிலோ. முன்புறத்தில் தாங்கும் தூண் இல்லாததால் கோடு சிறிது உள்ளே வளைந்து கொடுக்கும். ஆகவே ஒரு நரம்பை ஏற்றினால் மற்றவை இறங்கும். முதற்கிழமையில் சுருதி நிற்கவில்லையே என்று பலர் மனம் சோர்ந்து போகிறார்கள். தோலும் கோடும் தத்தம் இடத்தில் அமரும் வரை திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குக் குறுக்குவழி கிடையாது. நரம்பை முறுக்கிச் சுருதி சேர்க்கும் வீணைப் பிரடையைப் பொருத்தலாமே என்று கேட்பவர்களுக்கு, திவவைப் பாட்டு அவ்வளவு தெளிவாகக் காட்டியிருக்கும்போது அதைக் கைவிட எனக்கு விருப்பமில்லை என்றே சொல்வேன்.

இனி இரண்டாவது கேள்வி. ஆசாரி செய்யும் ஒரு யாழ் நேர்த்தியாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரே பலாக்கட்டையிலிருந்து பத்துப் பேர் பத்துக் குடங்களைக் குடைந்து, ஒரே நாளில் தோல் போர்த்தி, ஒரே தங்கூசியைக் கட்டி, ஒரே மண்டபத்தில் வைத்து மீட்டும்போது பத்தும் வெவ்வேறாக ஒலிக்கின்றன. அங்கேதான் கல்வி தொடங்குகிறது. முதுகுப் பக்கத்துத் தடித்த தோலைப் போர்த்தியவருடைய யாழ் மழுங்கி ஒலிக்கும். வயிற்றுப் பக்கத்து மெல்லிய தோலைப் போர்த்தியவருடையது பளிச்சென்று ஒலிக்கும். ஒருவருடைய ஆணி தளர்ந்திருந்தால் ஓசை சிதறும். நம் முன்னோர் நரம்பின் குற்றங்களைச் செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என்று நான்காக வகுத்தார்கள். மழுங்கி ஒலிப்பது கூடம், சிதறி ஒலிப்பது அதிர்வு. தனியாக ஒரு யாழை வைத்திருப்பவருக்கு அதன் ஓசை கூடமா இல்லையா என்று எப்படித் தெரியும்? பக்கத்திலிருக்கும் அக்காவின் யாழோடு ஒப்பிட்டுக் கேட்டால் உடனே தெரிந்துவிடும். தோலைப் பிரித்து மறுபடி போர்த்தவும் துணிவு வரும்.

தோல் வேலையைச் சொல்லித்தருபவர்கள் கூத்துக்கு மத்தளம் கட்டுபவர்களும், அம்மன் கோயில் சடங்குக்கு உடுக்குக் கட்டுபவர்களும்தான். சுண்ணாம்பில் ஊறவைத்து மயிரை நீக்குவது, எந்த ஈரத்தில் இழுப்பது என்பதெல்லாம் அவர்கள் விரலில் இருக்கும் அறிவு. மட்டக்களப்பில் யாழ் மரபு அறுந்து போயிருக்கலாம். தோல் கட்டும் மரபு அறவில்லை. அவர்களுக்குரிய மதிப்பும் கூலியும் கிடைக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

தம்பி, நீங்கள் வருவதாக இருந்தால் மாரி முடிந்து, தை பிறந்த பிறகு வாருங்கள். மழைக்காலத்தில் தோல் இறுகாது; கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் நாட்களில் மிக விரைவாகக் காய்ந்து தையல் ஓரத்தில் கிழிந்துவிடும். உளி பிடிக்கத் தெரியாவிட்டாலும் கவலையில்லை. ஆனால் ஒரு சனி ஞாயிறில் செய்து முடித்துக் கையோடு கொண்டுபோகலாம் என்று எண்ணி வராதீர்கள்; தோல் காயவே நாலைந்து நாட்கள் செல்லும்.