தணிந்த காய்ச்சல் திரும்பும்போது

நேயர்களுக்கு வணக்கம். 1918ஆம் ஆண்டு பரவிய இன்ஃப்ளூயன்சா கோடிக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. அவர்களுள் பெரும்பாலோர் அந்த வைரஸால் மட்டுமே இறந்துவிடவில்லை; வைரஸைத் தொடர்ந்து நுரையீரலுக்குள் இறங்கிய பாக்டீரியாக்களே அவர்களின் உயிரைப் பறித்தன. அக்காலத்தில் இறந்த 58 பேரின் நுரையீரல் திசுக்கள் பல்லாண்டுகளாகப் பாதுகாக்கப்பட்டிருந்தன. அவற்றை மீண்டும் நுண்ணோக்கியில் ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள், ஏறத்தாழ அனைத்திலும் பாக்டீரியா நிமோனியாவின் அடையாளங்களைக் கண்டதாக 2008இல் எழுதினார்கள்.

இந்தக் கூட்டு முன்பே ஒரு பெரிய குழப்பத்தை விளைவித்திருந்தது. ஜெர்மானியரான ரிச்சர்டு ஃபைஃபர், 1892இல் நோயாளிகளின் சளியில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு, இன்ஃப்ளூயன்சாவுக்குக் காரணம் அதுவே என்று அறிவித்தார். 1933இல்தான் மனிதரிடமிருந்து அந்த வைரஸ் லண்டனில் பிரித்தெடுக்கப்பட்டது. ஃபைஃபரின் கண் பொய் சொல்லவில்லை. பின்னால் வந்த கிருமியை அவர் முதற்காரணமாகக் கொண்டுவிட்டார், அவ்வளவே.

பாக்டீரியாவுக்கு வைரஸ் எப்படி வழிவிடுகிறது? நம் மூச்சுக்குழாயின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் ஓயாமல் அசைந்து, சளியையும் அதில் ஒட்டிய கிருமிகளையும் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. இன்ஃப்ளூயன்சா வைரஸ் அந்த இழைகளைத் தாங்கிய செல்களுக்குள் பெருகி அவற்றை உதிர்த்துவிடுவதால், கீழே உள்ள படலம் புண்பட்டு வெளிப்படுகிறது. அதோடு, வைரஸின் நியூராமினிடேஸ் என்ற நொதி, செல்களின் மேற்பரப்பிலுள்ள சயாலிக் அமிலத்தை வெட்டி நீக்குவதால், பாக்டீரியா பற்றிக்கொள்ளப் புதிய இடங்கள் கிடைக்கின்றன. வைரஸை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்ஃபெரானே, பாக்டீரியாவை விழுங்கவேண்டிய செல்களைச் சற்று மந்தமாக்கிவிடுகிறது என்பதுதான் இதில் மிகவும் வருத்தந்தரும் செய்தி. நலமாக இருப்பவர்களின், குறிப்பாகக் குழந்தைகளின் தொண்டையில் தீங்கின்றித் தங்கியிருக்கும் நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்கு வேறென்ன வேண்டும்?

இந்த ஆபத்து பெரும்பாலும் முதல் நாளில் வருவதில்லை. ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து, நோயாளி தேறிவருவதாக வீட்டார் நிம்மதி கொள்ளும் வேளையில் வருகிறது. ஆகவே, காய்ச்சல் தொடங்கியதுமே தாமாக ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவதால் பயனில்லை. அம்மருந்து வைரஸைத் தொடாது. ஆனால் தணிந்த காய்ச்சல் குளிர் நடுக்கத்தோடு திரும்பினாலோ, மூச்சிரைப்பும் நெஞ்சுவலியும் தோன்றினாலோ, ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். மருத்துவரிடம் சென்றதும், காய்ச்சல் எந்த நாளில் தணிந்தது, எந்த நாளில் திரும்பியது என்பதை முதலில் சொல்லுங்கள்.