மறதி நோய்க்கு எழுபது வரை காத்திருக்க வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம். நம் மொரீஷியஸில் சமையல் எண்ணெய் மாறிய கதை மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1987 வாக்கில் ரேஷன் எண்ணெயில் பெரும்பகுதி பாமாயில்தான். அரசு அதை எடுத்துவிட்டு முழுக்க சோயா எண்ணெயாக்கியது. 1992-இல் சோதித்தபோது தீவு மக்களின் இரத்தக் கொழுப்புச் சராசரி நன்றாகவே இறங்கியிருந்தது. அதில் எண்ணெய்க்குக் கணிசமான பங்கு.

அன்றைக்கு அதை இருதயத்துக்காகத்தான் செய்தார்கள். ஆனால் 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, மறதி நோய்க்கு வழிவிடும் 14 காரணங்களின் பட்டியலில் நடுவயதுக் கெட்ட கொழுப்பையும் புதிதாகச் சேர்த்தது. பதினான்கையும் சரிசெய்துவிட்டால், நோய் வரக்கூடியவர்களில் ஏறக்குறைய 45 விழுக்காடு பேருக்கு அது வராமல் தடுக்கலாம், அல்லது தள்ளிப்போடலாம் என்பது அவர்கள் கணக்கு.

மீதிப் பாதிக்கு மேல் வயதும் பிறவிக்கூறும் நாம் இன்னும் அறியாததும். அதனால் வீட்டில் யாருக்காவது ஏற்கெனவே வந்திருந்தால், 'ஒழுங்காக இருந்திருந்தால் வந்திருக்காது' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது உண்மையும் அல்ல, நியாயமும் அல்ல.

மறதி நோய்களில் மிகப் பரவலான அல்சைமர், மூளையில் வேலையைத் தொடங்குவது அறிகுறி தெரிவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டு முன்பு. எழுபதில் பேரன் பெயர் தடுமாறுகிறது என்றால் ஐம்பதிலேயே ஆரம்பித்திருக்கலாம். ஆகவே இன்றைய பேச்சு தாத்தா பாட்டிகளைவிட அவர்களின் பிள்ளைகளுக்குத்தான்.

பட்டியலில் பலர் எதிர்பாராதது காது. எண்பதுகளில் துணி ஆலைகளில் எந்திர இரைச்சலுக்கு நடுவே வேலை பார்த்த அக்காமார்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். கோயில் விருந்தில் பாருங்கள். வாழையிலையில் ஏழு கறி வைத்தாயிற்று, ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டால், "மகன் பிரான்சிலிருந்து வந்துவிட்டான்" என்று பதில் வரும். பந்தியே சிரிக்கும். அடுத்த விருந்துக்கு அந்த அக்கா வரமாட்டார். காதில் விழுவது குறைகிறது, பேச்சு குறைகிறது, மூளைக்கு வேலையும் குறைகிறது.

காது மெஷின் எல்லோருக்கும் மூளையைக் காக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 2023-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள முதியோரிடம் மட்டும், சிந்தனைத் திறன் சரியும் வேகம் மூன்று ஆண்டில் ஏறத்தாழ பாதியானது. அது போதும், வெட்கத்தை விட்டுவிட்டுக் காதைக் காட்ட.

அப்புறம் சர்க்கரை. இந்தத் தீவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இருக்கிறது, புதிதாக நான் சொல்ல வேண்டியதில்லை. காலைப் பார்க்கிறோம், கண்ணைப் பார்க்கிறோம். மூளையின் சின்ன இரத்தக் குழாய்களையும் அதுதான் அரிக்கிறது. சிகரெட்டும் ரம்மும் அப்படியே. தனிமையும் பட்டியலில் உண்டு. மூத்தவர்களுக்கு பஸ் இலவசம். மருந்துக்கு மட்டும் ஏறாமல், தோழியைப் பார்க்கவும் ஏறலாமே.

இரத்தக் கொதிப்புதான் இவற்றில் மிக எளிதாகக் கையாளக்கூடியது. நாற்பது வயதிலிருந்தே அதன் இரண்டு அளவுகளில் மேல் அளவை 130-க்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அடுத்த முறை அம்மாவை அரசு சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போகும்போது, அவருக்குப் பார்த்து முடித்ததும் உங்கள் கையையும் நீட்டுங்கள். காசு கேட்க மாட்டார்கள்.