அடிமேல் அடி: ரெவரண்ட் லியோன் சல்லிவன் நினைவா நான் பேசினது

(வாசகர் வட்டக் கூட்டத்துல பேசினத அப்படியே எழுதிக் குடுங்கன்னு செயலாளர் தம்பி கேட்டாரு. தண்ணி குடிச்ச இடம், இருமின இடம் மட்டும் விட்டுட்டேன்.)

எல்லாருக்கும் வணக்கம். தலைமை ஏத்திருக்கிற தலைவர் ஐயா அவர்களே, மழை வரும்போல இருந்தும் வந்திருக்கிற நம்ம வார்டு கவுன்சிலர் அம்மா அவர்களே, மைக் செட்டுக்கு காசு வாங்காத வியாபாரிகள் சங்கச் செயலாளர் அண்ணாச்சி அவர்களே (ஒரு கைதட்டு குடுங்க, சத்தமா), போதகர் ஐயா அவர்களே, நூலகர் மேடம் அவர்களே, யார் பேராவது விட்டுப்போச்சுன்னா மன்னிச்சுக்கோங்க, போன தடவை ஒருத்தரை விட்டதுக்கு அவரு இன்னைக்கு வரைக்கும் டீக்கடையில என்னைப் பார்த்தா பேப்பரை விரிச்சு மூஞ்சியை மறைச்சுக்கறாரு.

முதல்ல ஒரு திருத்தம். நோட்டீஸ்ல 'அமெரிக்க அமைச்சர் லியோன் சல்லிவன்'னு அடிச்சிருக்கு. இங்கிலீஷ்ல சர்ச் போதகரையும் மினிஸ்டர்னுதான் சொல்லுவாங்க, அச்சடிச்ச தம்பி அவருக்கு இலாகாவே குடுத்துட்டாப்ல. அவரு ஃபிலடெல்ஃபியாவுல சீயோன் பாப்டிஸ்ட் சர்ச்சுக்கு 1950ல இருந்து 1988 வரைக்கும் போதகர். சீயோன் சிங்கம்னு பேரு. ஆறடி அஞ்சு அங்குலம் உயரம், காலேஜுக்குப் போனதே பாஸ்கெட்பால் ஸ்காலர்ஷிப்ல, கால்ல அடிபட்டதும் அதுவும் போச்சு, அப்புறம் ஸ்டீல் மில்லுல வேலை பார்த்துதான் படிச்சாரு.

மூணு விஷயம் பேசப்போறேன். ஒன்னு வாங்காம இருக்கறது, ரெண்டு தொழில் கத்துக்கறது, மூணு தென்னாப்பிரிக்கா. எங்க அப்பாயி ஒன்னு சொல்லும், அடிமேல் அடி அடிச்சா அம்மியும் நகரும்னு. இன்னைக்கு நான் பேசப்போறது பூராவும் அந்த அம்மிதான். (இப்ப வீட்டுக்கு வீடு மிக்ஸி, அம்மி எங்க இருக்குன்னு கேக்காதீங்க.)

1922ல வெஸ்ட் வெர்ஜினியா மாநிலம் சார்ல்ஸ்டன்ல பிறந்தவரு, ஏழைப்பட்ட சந்து, பாட்டி கையில வளர்ந்த கறுப்புப் பையன். எட்டு வயசு இருக்கும், கையில காசு வச்சுகிட்டு ஒரு கடைக்குப் போயி கோக் கேட்டு ஸ்டூல்ல ஏறி உக்காந்தான். கடைக்காரன் எந்திரிடா, உங்காளுங்க இங்க உக்காரக்கூடாதுன்னுட்டான். காசு வேணும், கோக் குடிக்கலாம், ஆனா நின்னுகிட்டுதான் குடிக்கணும். அங்க நின்ன பையன்தான், வாழ்க்கை பூரா எவன் முன்னாடியும் எந்திரிச்சு நின்னு பேசினாரு.

சரி, கேக் கதைக்கு வர்றேன், இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஃபிலடெல்ஃபியாவுல டேஸ்ட்டி பேக்கிங்னு ஒரு கம்பெனி, அவங்க கேக்கும் பையும் (உள்ள பழம் வச்சு சுடற பலகாரம்) அந்த ஊர்ல எல்லார் வீட்லயும் இருக்கும், பிள்ளைங்க டிபன் பாக்ஸ்லயும் இருக்கும், நம்மூர்ல பிஸ்கட் பாக்கெட் மாதிரி. கறுப்பு ஜனங்க அதை வாங்கறாங்க, ஃபேக்டரி உள்ள வேலையும் செய்யறாங்க, ஆனா வண்டி ஓட்டி சரக்கு போடற டிரைவர் கம் சேல்ஸ்மேன் வேலை கிடையாது, ஆபீஸ் சீட் கிடையாது, கேக் மேல ஐசிங் தடவற பிரிவுல கூட கறுப்புப் பொண்ணு கிடையாது. 1960ல சல்லிவனும் மத்த சர்ச் போதகர்களுமா ஒரு 400 பேர் சேர்ந்து கம்பெனிகிட்ட போயி கேட்டது என்னன்னு நினைக்கறீங்க? ஃபேக்டரியையே எழுதிக்குடுன்னா? ரெண்டு டிரைவர் சேல்ஸ்மேன், ரெண்டு கிளார்க், ஐசிங் பிரிவுல மூணு நாலு பொண்ணுங்க. அவ்வளவுதான். முடியாதுன்னாங்க. நல்லதுன்னு எந்திரிச்சு வந்துட்டாங்க, கல்லு எறியல, கோஷம் போடல. ஞாயித்துக்கிழமை வந்துச்சு. ஊர்ல உள்ள கறுப்பு சர்ச்சுல எல்லாம் போதகர் எந்திரிச்சு பைபிளை மூடி வச்சுட்டு, நம்ம பிள்ளைங்களுக்கு வேலை குடுக்கற வரைக்கும் அந்த கேக்கை வாங்காதீங்கன்னு ஒரே வார்த்தை. முடி வெட்டற கடையில அதே பேச்சு, பியூட்டி பார்லர்ல அதே பேச்சு. திங்கக்கிழமை வண்டி வருது, சரக்கு இறங்குது, அப்படியே இருக்கு. அதுக்கடுத்த வாரமும் அப்படியே. இதுல சூட்சுமம் பாருங்க, இந்த 400 பேருக்கு தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது, பொருளாளர் கிடையாது (நம்ம சங்கத்துல மூணுக்கும் போட்டி), ஒவ்வொரு கம்பெனிக்கும் வேற வேற ஆள் பேசுவாங்க, யாரைப் பிடிச்சு கேஸ் போடறது, யாரைக் கூப்பிட்டு விலை பேசறது? ரெண்டு மாசம் ஓடுச்சு. ஆகஸ்ட்ல கம்பெனி இறங்கி வந்துடுச்சு. ஒரு பிள்ளை கேக்கை ஆசையா பார்த்துட்டு வேணாம்னு சொல்ற வீட்ல எத்தனை தடவை அழுகை நடந்திருக்கும்னு நான் யோசிப்பேன், அந்தக் கணக்கு எந்த புஸ்தகத்துலயும் இருக்காது.

அப்புறம் பெப்சி, கல்ஃப் ஆயில், சன் ஆயில்னு ஒவ்வொன்னா. ஒரே நாள்ல பத்து கம்பெனியை எதிர்க்கல, ஒன்னு முடிஞ்சா அடுத்தது. அடிமேல் அடி, சொன்னேன்ல. மார்ட்டின் லூதர் கிங்கே 1962ல இவரை அட்லாண்டாவுக்கு கூப்பிட்டு இது எப்படின்னு கேட்டுகிட்டாரு, அதுல இருந்துதான் அங்க இதே மாதிரி வாங்காம இருந்து வேலை கேக்கற கிங்கோட இயக்கம், ஆபரேஷன் பிரெட்பாஸ்கெட், பிறந்துச்சு.

இப்ப ரெண்டாவது. கதவு திறந்துச்சு, ஆனா உள்ள போக வேலை தெரிஞ்ச ஆள் பத்தல. சல்லிவன் என்ன செஞ்சாரு, வடக்கு ஃபிலடெல்ஃபியாவுல சும்மா கிடந்த ஒரு பழைய ஜெயில் கட்டடத்தை வருஷத்துக்கு ஒரு டாலர் வாடகைக்கு வாங்கி, 1964 ஜனவரியில ஓ.ஐ.சி.ன்னு (ஆப்பர்ச்சூனிட்டீஸ் இண்டஸ்ட்ரியலைசேஷன் சென்டர்) தொழில் பயிற்சி நிலையம் ஆரம்பிச்சாரு. எலக்ட்ரானிக்ஸ், மெஷின் வேலை, தையல், சமையல். 1967ல ஜனாதிபதி ஜான்சனே நேர்ல வந்து பார்த்தாரு. நான் இதை ரசிச்சு சொல்றதுக்கு காரணம் இருக்கு, முப்பது வருஷம் ஃபிட்டர் ட்ரேட் சொல்லிக்குடுத்தவன் நானு. எங்கிட்ட ஒரு பையன், அரம் பிடிச்சான்னா வெளிச்சம் புகாத அளவுக்கு மட்டம் எடுப்பான், ட்ரை ஸ்கொயரை (மூலைமட்டம்) வச்சுப் பார்த்தா மயிரிழை கூட தெரியாது. இன்டர்வியூவுக்குப் போனான், ஃபாரத்துல அப்பா பேர் எழுதற இடத்துல அவன் பேரை எழுதி, வேர்த்து, அடிச்சு, அந்த அடிச்சலைப் பார்த்தே அனுப்பிட்டாங்க. சல்லிவன் அங்கதான் கை வச்சாரு. மெஷினைத் தொடறதுக்கு முன்னாடி ஃபீடர்னு ஒரு வகுப்பு: எழுதப் படிக்க, கணக்கு, ஃபாரம் நிரப்பறது, இன்டர்வியூவுல எப்படி பேசறதுன்னு. அந்த வகுப்பு எனக்கு இருந்திருந்தா அந்தப் பையன் இன்னைக்கு ஃபோர்மேன்.

காசு? 1962ல அஞ்சு அப்பம் ரெண்டு மீனைப் பத்தி பிரசங்கம் பண்ணிட்டு, 36 மாசத்துக்கு, மாசாமாசம் 10 டாலர் போட அம்பது பேர் வாங்கன்னாரு, 200 பேருக்கு மேல வந்துட்டாங்க. ஒருத்தர் போடற 360 டாலர்ல 160 தர்ம காரியத்துக்கு, மிச்சம் 200 டாலர் தொழில்ல அவங்க பங்கு. நம்ம ஏலச்சீட்டுக்கு அண்ணன் தம்பி, ஆனா யாரும் எடுத்துட்டு ஓடல. அதுல வீடு கட்டினாங்க, 1968ல பிராட் ஸ்ட்ரீட்ல புரோகிரஸ் பிளாசான்னு கறுப்பு ஜனங்களுக்கே சொந்தமான ஷாப்பிங் சென்டர் கட்டினாங்க.

இப்ப கவுன்சிலர் அம்மா கொஞ்சம் என் பக்கம் பாருங்க. பஸ் ஸ்டாண்டு பின்னாடி ஒரு கட்டடம் வருஷக்கணக்கா பூட்டிக்கிடக்கு. கரையான் ஜன்னலைத் தின்னுகிட்டு இருக்கு, பின்பக்கம் பாட்டில் உடைச்சுப் போட்டிருக்கான். சாயங்காலம் ஆறு மணியில இருந்து ஒம்போது வரைக்கும் குடுங்க, ஓய்வுபெற்ற வாத்தியாருங்க நாங்க ஆறு பேர் சம்பளம் இல்லாம சொல்லிக்குடுக்கறோம்னு ஏழு தடவை மனு குடுத்துட்டேன், ஏழுக்கும் ரசீது இருக்கு, சாவி இல்ல. ஜெயிலையே குடுத்தான் அந்த ஊர்ல! நம்ம ஊர்ல என்ன, வாடகையா ஒரு டாலர் வேணும்னாலும் மாத்திக் கொண்டாந்து தர்றேன். அம்மியும் நகரும்மா, எட்டாவது மனுவும் எழுதி பையில வச்சிருக்கேன்.

நேரமாச்சுன்னு துண்டுச் சீட்டு வந்துடுச்சு, தலைவர் ஐயா முறைக்கறாரு. மூணாவது விஷயம் வேகமா சொல்லிடறேன். 1971ல ஜெனரல் மோட்டார்ஸ்ங்கற கார் கம்பெனி இயக்குநர் குழுவுல முதல் கறுப்பு ஆள் இவரு, அந்த வருஷமே பங்குதாரர் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு, கறுப்பு ஜனங்களை ஒதுக்கி வைக்கற நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவை விட்டு கம்பெனி வெளிய வரணும்னு சொந்தக் குழுவுக்கு எதிராவே பேசினாரு, ஓட்டுல தோத்துட்டாரு. 1977ல அங்க தொழில் நடத்தற 12 அமெரிக்க கம்பெனிகளை ஆறு விதிக்கு கையெழுத்து போட வச்சாரு: ஒரே கேன்டீன், ஒரே கழிப்பறை, ஒரே வேலைக்கு ஒரே சம்பளம்னு. இது பத்தாது, கம்பெனிங்க அங்க உக்காந்திருக்க சாக்குன்னு திட்டினவங்களும் உண்டு. கடைசியில 1987ல அவரே பத்தாதுன்னு சொல்லி எல்லாரும் வெளிய வாங்கன்னுட்டாரு. அந்த சண்டையைப் பத்தியே ஒரு மணி நேரம் பேசலாம், இன்னொரு கூட்டம் போடுங்க. 2001 ஏப்ரல்ல அவரு போனாரு.

எட்டாவது மனுவுல கையெழுத்து வாங்க வாசல்ல தாள் வச்சிருக்கு. பேர், தெரு, கையெழுத்து, தெளிவா எழுதுங்க. பேனாவை அங்கயே வச்சுட்டுப் போங்க, போன கூட்டத்துல ரெண்டு பேனா காணாமப்போச்சு.