காது யாருக்கு அரிக்கிறது?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிறு மதியம் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டும் தூங்காமல் உட்கார்ந்திருக்கிற சபையாரே, எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். சபைக்குள் கள்ள உபதேசம் வளரப் பெரிய காரணம் போதிக்கிறவர்களா, கேட்கிறவர்களா? நான் "கேட்கிறவர்களே" அணி. அதாவது உங்களையும் என்னையும் குற்றஞ்சாட்ட வந்திருக்கிறேன், கைதட்டல் குறைவாகத்தான் விழும் என்று தெரிந்தே வந்தேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் மத்தேயு 7:15ஐ எடுத்தார். ஆட்டுத்தோலைப் போர்த்துக்கொண்டு வருகிற ஓநாய்கள். ஓநாய் வந்தால் ஆட்டையா திட்டுவீர்கள் என்று கேட்டார், நீங்களும் தட்டினீர்கள். சரி. அந்த வசனம் எப்படித் தொடங்குகிறது அண்ணே? "எச்சரிக்கையாயிருங்கள்." இது ஓநாய்க்குச் சொன்னதா? ஆட்டுக்குச் சொன்னது. வேறொரு சுவிசேஷத்தோடு வானத்திலிருந்து தூதனே வந்தாலும் ஏற்காதே என்று அப்போஸ்தலன் பவுல் எழுதினது கலாத்தியா நாட்டுச் சபைகளுக்கு, போதகர் ஐக்கியத்துக்கு அல்ல. அப்புறம் 2 தீமோத்தேயு 4:3. "செவித்தினவுள்ளவர்களாகி, தங்கள் சுயஇச்சைகளுக்கேற்ற போதகர்களைத் திரளாகச் சேர்த்துக்கொண்டு" என்று வருகிறது. இதில் எழுவாய் யார் என்று எந்தத் தமிழ் வாத்தியாரையாவது கேட்டுப் பாருங்கள். போதகர் ஜனங்களைச் சேர்க்கவில்லை, ஜனங்கள்தான் போதகர்களைச் சேர்க்கிறார்கள். தினவு என்றால் அரிப்பு. காது அரிக்கிறது நமக்கு, சொறிந்துவிட ஆள் தேடுகிறோம், பிறகு சொறிந்தவன் மேல் கேஸ் போடுகிறோம்.

தீர்க்கதரிசி எரேமியா காலத்துக்கு வாங்க. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேம் ஆலயத்துப் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு போய்விட்டான், ராஜாவே சிறையிருப்பில். அப்போது அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்கிறான். சும்மா சொல்லவில்லை, பாபிலோனுக்கு அடிமைப்படுவதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தே காட்டுகிறான். எரேமியா சொன்னதோ 70 வருஷம். இரண்டா, எழுபதா? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள், அன்றைக்கு நாம் எருசலேமில் இருந்திருந்தால் யாருடைய கூட்டத்துக்கு வேன் பிடித்துப் போயிருப்போம்? அனனியா அந்த வருஷமே ஏழாம் மாதத்தில் செத்துப்போனான், அது வேறு விஷயம்.

இப்போது நம்ம வீட்டுக்கு வருவோம். ஜனவரி 1, நடுராத்திரி ஆராதனை முடிந்து வரிசையில் நின்று, அந்த வருஷத்துக்கான வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். எரேமியா 29:11 வந்துவிட்டால் முகமெல்லாம் பல். "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று பிரிட்ஜில் ஒட்டிவிடுவோம். அதற்கு ஒரு வசனம் மேலேதான் அந்த 70 வருஷம் இருக்கிறது. பாபிலோனில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், இப்போதைக்கு ஊர் திரும்பமுடியாது என்று சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பின கடிதம் அது. அதைக் கேட்டவர்களில் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் பாபிலோனிலேயே அடக்கமாகியிருப்பார்கள். வாக்குத்தத்தம் பொய்யில்லை, நாம் அதை அறுத்த இடம்தான் தப்பு. அட்டை அடித்தவரைக் குறை சொல்லலாம். ஆனால் 10ஆம் வசனத்தைப் போட்டு அட்டை அடித்தால் எடுத்தவர் மாற்றிக் கேட்கமாட்டாரா? நான் கேட்பேன்.

கேள்வி கேட்டால் "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று வாயை அடைக்கிறார்களே என்று அண்ணன் வருத்தப்பட்டார். நியாயமான வருத்தம். ஆனால் அந்த வரி வருகிற சங்கீதம் 105ஐ முழுசாக வாசித்தால், அது ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் பரதேசிகளாகச் சுற்றினபோது அவர்களை ஒடுக்காதபடி தேவன் ராஜாக்களைக் கடிந்துகொண்டது என்று தெரியும். மேடையில் இருப்பவரிடம் கேள்வி கேட்காதே என்று அதில் எங்கே இருக்கிறது? பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதவாக்கியங்களில் ஆராய்ந்து பார்த்தார்கள், அதற்கு அப்போஸ்தலர் 17இல் அவர்களுக்குக் கிடைத்த பெயர் நற்குணசாலிகள். தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு 1715இலேயே கையில் கொடுத்துவிட்டார். 300 வருஷம் தாண்டிவிட்டது, இன்று போனிலும் இலவசம். வாசிக்கவில்லை என்பதற்கு என்ன சாக்கு?

அமெரிக்காவில் பீட்டர் போப்பாஃப் என்று ஒரு சுகமளிக்கும் ஊழியர். முன்பின் தெரியாத ஆளைப் பெயர் சொல்லி அழைப்பார், வியாதியைச் சொல்வார், வீட்டு விலாசத்தைக்கூடச் சொல்வார். 1986இல் ஜேம்ஸ் ராண்டி என்ற மேஜிக் கலைஞர் தன் ஆட்களோடு ஸ்கேனர் வைத்துத் தேடினார், 39.17 மெகாஹெர்ட்ஸில் போப்பாஃபின் மனைவி குரல் கேட்டது. கூட்டத்துக்கு வந்தவர்களின் விவரங்களைக் கணவர் காதுக்குள் இருந்த கருவிக்கு வாசித்துக்கொண்டிருந்தார் அந்த அம்மா. பதிவு டிவியில் வந்தது, 1987இல் போப்பாஃப் திவால். ராண்டி யார் தெரியுமா? நாத்திகர். அரங்கம் நிறைய விசுவாசிகள் அல்லேலூயா சொல்லிக்கொண்டிருந்தபோது சோதித்தறிந்தது அவர். இத்தனைக்கும், ஒரு தீர்க்கதரிசி சொன்ன அடையாளம் அப்படியே பலித்தாலும் அவன் வேறு தேவர்களிடம் இழுத்தால் பின்னால் போகாதே என்று உபாகமம் 13 சொல்கிறது. விலாசம் சரியாக இருக்கிறதா என்பது சோதனையே இல்லை.

ஜிம் ஜோன்ஸ் என்ற போதகர் தன் கூட்டத்தாரை விஷம் குடிக்கவைத்த ஜோன்ஸ்டவுனை அண்ணன் சொன்னார். 1978, கயானா, 900க்கும் மேற்பட்ட சாவு, அதில் 300க்கும் மேல் பிள்ளைகள். அங்கே நான் வாதாடவில்லை. துப்பாக்கிகளுக்கு நடுவில் நின்ற குழந்தையிடம் நீ வேதத்தை ஆராய்ந்தாயா என்று கேட்கிற ஆள் நான் இல்லை. அந்தப் பாயிண்ட் அவருக்கே.

ஆனால் என் கதையில் துப்பாக்கி இல்லை. கல்லூரியில் கணக்கில் இரண்டு அரியர். டிவியில் ஒரு ஊழியர், பெயர் வேண்டாம், பரீட்சைக்கு முன் விசுவாச விதை விதையுங்கள், அதாவது ஆசீர்வாதத்தை நம்பிக் காணிக்கை அனுப்புங்கள் என்றார். 500 ரூபாய் மணியார்டர் அனுப்பினேன். யாரும் என்னைக் கழுத்தைப் பிடித்து இழுத்துப் போகவில்லை, நானே போஸ்ட் ஆபீஸ் வரிசையில் நின்றேன். அதே வாரம் எங்கள் ஊர்ச் சபைப் போதகர் ஐயா, பாடு அனுபவித்த யோபுவைப் பற்றிப் பிரசங்கம் பண்ணினார், வீட்டுக்கு வரும் வழியில் "இவர் பேச்சில் அபிஷேகமே இல்லம்மா" என்றேன். அம்மா கேட்டது: "நீ புத்தகத்தைத் திறந்தியா?" அரியர் இரண்டும் மறுபடி அரியர்.

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். அடுத்துப் பேச வருகிற அண்ணனுக்கு ஒரே கேள்வி. திவாலான போப்பாஃப் சில வருஷங்களில் டிவிக்குத் திரும்பி வந்தார். சின்னப் பாக்கெட்டில் அற்புத ஊற்றுத் தண்ணீர், இலவசம் என்று விளம்பரம், தண்ணீரைத் தொடர்ந்து காணிக்கை கேட்டுக் கடிதம். அவர் மாட்டிக்கொண்டது ஊருக்கே தெரியும். பிறகும் உறைக்குள் பணத்தை வைத்து எச்சில் தொட்டு ஒட்டினது யார் அண்ணே? அதற்குப் பதில் சொல்லிவிட்டு ஓநாய்க்குப் போங்க.