தண்ணியில்லாக் காடு என்ற பெயரும் இராமநாதபுரத்து மழையும்

பெரியோர்களே, வேளாண் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

அரசு வேலையில் இருப்பவரை மிரட்ட, "தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்று சொல்வது நெடுநாள் வழக்கம். அந்தக் காடு எது என்று கேட்டால் பலரும் நம் இராமநாதபுரத்தையே காட்டுவார்கள். எனக்கு இது தீராத மனக்குறை. நம் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் மழை பெய்கிறது. மாநிலச் சராசரியைவிட இது குறைவுதான். ஆனாலும் கைகழுவிவிடும் அளவுக்குக் குறைவில்லை. மழையின் அளவைக் காட்டிலும், அது வந்து போகும் காலமே நம்மைப் பாடாய்ப் படுத்துகிறது.

ஆனி, ஆடியில் கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துக்கொள்வதால், ஈரம் இழந்த காற்றுதான் நம் பக்கம் வந்து சேர்கிறது. கச்சான் என்று கடலோரத்தார் அழைக்கும் அந்தக் காற்றில் தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். வடக்கே பாக் நீரிணை அடங்கிக் கிடக்கும். ஆண் கடல், பெண் கடல் என்று இவற்றுக்குப் பெயரிட்டவர்கள் காற்றை நன்கு அறிந்தவர்கள். ஐப்பசியில் வாடை எழுந்தால் பெண் கடலும் சீறும்.

ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அந்த ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் பெய்கிறது. அதுவும் சீராகப் பெய்வதில்லை. காற்றழுத்தத் தாழ்வுகள் பல நாகப்பட்டினம், கடலூர் பக்கம் ஒதுங்கிவிட, நமக்குத் தூறலோடு போய்விடும் ஆண்டுகள் உண்டு. 2024 நவம்பர் 20ஆம் நாளிலோ, இராமேசுவரத்தில் ஒரே நாளில் 400 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது அரை ஆண்டு மழை, கொட்டியது.

இந்த நிச்சயமின்மை உழவனின் கையில் எப்படி வந்து நிற்கிறது என்பதை நான் சிறுவயதில் கண்டிருக்கிறேன். புரட்டாசியில் புழுதி உழவு ஓட்டி, ஈரமே இல்லாத மண்ணில் நெல்லை விதைத்துவிட்டு என் பெரியப்பா வானத்தைப் பார்த்துக் காத்திருப்பார். ஒரு மாலை சிறு தூறல் விழுந்தது. மறுநாள் விடியலில் அவர் குனிந்து, விரலால் மண்ணைக் கிளறி, ஒரு விதையை எடுத்து ஊதி, பல்லில் கடித்துப் பார்த்தார். "நல்லவேளை, இன்னும் ஊறலைப்பா" என்றார். அரைகுறை ஈரத்தில் முளைவிட்டு, அடுத்த மழை தள்ளிப்போனால் முளை கருகும். விதைநெல்லும் போகும், விதைக்கும் பருவமான பட்டமும் போகும்.

மார்கழியோடு மழை ஓய்ந்த பிறகு வரும் நீண்ட வறண்ட வெயிலை நான் குறை சொல்லமாட்டேன். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய், களத்தில் சுருங்காமல் சிவந்து காய்வது அந்த வெயிலில்தான்.

மூன்று மாத மழையைப் பன்னிரண்டு மாதத்துக்கு நீட்டத் தெரிந்த நம் முன்னோர் மழைநீரைத் தேக்கும் ஏரிகளான கண்மாய்களை வெட்டினார்கள். மேலக் கண்மாய் நிரம்பி, மிகுநீர் வெளியேறும் கலுங்கு வழியே வழியும் நீர் கீழக் கண்மாய்க்குப் போய்ச் சேரும். "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று இன்றும் பேசப்படும் இராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாய் அந்த அறிவின் அளவைச் சொல்லும். இன்று பல கண்மாய்களில் நீருக்குப் பதிலாகச் சீமைக் கருவேலம் நிற்கிறது. கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்கள் தூர்ந்து, பெய்யும் நீர் கண்மாய்க்குள் வராமலே கடலுக்குப் போகிறது. தூர் எடுக்கும் வேலை பல ஆண்டுகளில் மழை தொடங்கிய பிறகுதான் தொடங்குகிறது. ஆவணி முடிவதற்குள் நம் ஊர் வரத்துக்கால்களை வெட்டி முடித்தாக வேண்டும். புரட்டாசியில் விதைப்பவர்களுக்கு ஐப்பசி மழை காத்திருக்காது.