செலவழிச்சதை இங்கிலீஷ்ல பேச்சுவழக்கா சொல்றது எப்படி? ஸ்ப்ளாஷ் அவுட்ல இருந்து காஃப் அப் வரைக்கும்

வணக்கம். முதல்ல ஒரு சின்ன வார்த்தையைச் சரி பண்ணிடுவோம். 'ஷூவுக்கு ரெண்டாயிரம் செலவு பண்ணேன்'னு தமிழ்ல சொல்றோம். அந்த 'க்கு' அப்படியே நாக்குல நின்னு, இங்கிலீஷ்லயும் 'ஐ ஸ்பென்ட் டூ தவுசண்ட் ஃபார் ஷூஸ்'னு வந்துடுது. அங்க 'ஆன்' வரணும்: 'ஐ ஸ்பென்ட் டூ தவுசண்ட் ஆன் ஷூஸ்'. இதை ஏன் முதல்லயே சொல்றேன்னா, இன்னிக்குப் பார்க்கப்போற வார்த்தைகள்ல பாதி இந்த 'ஆன்' மேலதான் நிக்குது.

ஆசைப்பட்டு, மனசு நிறைஞ்சு செலவு பண்ணா பிரிட்டன்ல 'ஸ்ப்ளாஷ் அவுட்'. 'வீ ஸ்ப்ளாஷ்ட் அவுட் ஆன் எ நைஸ் ஹோட்டல்.' அமெரிக்கால இதையே 'ஸ்ப்ளர்ஜ்'னு சொல்வாங்க, அங்கயும் 'ஆன்'தான். ஒண்ணு கவனிங்க, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமா, ஆடம்பரமா இருந்தாதான் இந்த ரெண்டும் பொருந்தும். பால் பாக்கெட்டுக்கும் கரன்ட் பில்லுக்கும் போட்டா கேக்குறவங்க குழம்பிடுவாங்க.

அடுத்தது 'ப்ளோ'. நம்ம 'காசைக் கரியாக்குறது'தான் இது. 'ஹீ ப்ளூ ஹிஸ் போனஸ் ஆன் கேம்ஸ்.' இறந்தகாலம் 'ப்ளூ', நீல நிறத்தைச் சொல்ற அதே உச்சரிப்பு. 'ப்ளோவ்ட்'னு ஒண்ணு கிடையாது. இந்த வார்த்தையில ஒரு குறை சொல்ற தொனி இருக்கு. அதனால நண்பர் ஆசையா வாங்கின கேமராவைப் பார்த்து 'யூ ப்ளூ எ லாட் ஆன் தட்'னு சொல்லிடாதீங்க, வீண் செலவுன்னு குத்திக்காட்டுற மாதிரி ஆயிடும்.

இப்போ மனசில்லாம குடுக்குற காசு. 'ஃபோர்க் அவுட்', 'ஷெல் அவுட்', 'காஃப் அப்'. இங்க பெரும்பாலும் 'ஃபார்' வரும். 'ஐ ஹேட் டு ஃபோர்க் அவுட் ஃபிஃப்டி பவுண்ட்ஸ் ஃபார் எ நியூ கீ.' 'ஷெல் அவுட்'ல 'ஆன்' வந்தாலும் தப்பில்ல. மூணுலயும் கசப்பு அதிகம் 'காஃப் அப்'லதான். அபராதம், ரொம்ப நாள் பாக்கி, இந்த மாதிரி இடத்துல வரும். நம்ம ஊர்ல 'காசைக் கக்க வச்சுட்டாங்க'ன்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அதே படம்தான். ஆபீஸ் மெயில்ல இந்த மூணும் வேண்டாம். கிளையன்டுக்கு 'யூ நீட் டு காஃப் அப்'னு எழுதினா மிரட்டுற மாதிரி இருக்கும். அங்க 'பே' போதும்.

எல்லாத்தையும்விட அதிகமாத் தப்பாகுறது 'செட் பேக்'. அர்த்தம் சுலபம்: 'ரிப்பேருக்கு மூவாயிரம் பழுத்துடுச்சு'ன்னு சொல்றோமே, அதான். சிக்கல் வாக்கியத்தை அமைக்கிறதுலதான். தமிழ்ல பழுக்கிறது காசு. இங்கிலீஷ்ல பொருள்தான் எழுவாய், ஆள் நடுவுல வரணும், தொகை கடைசியில. 'த ரிப்பேர் செட் மீ பேக் எய்ட்டி பவுண்ட்ஸ்.' தொகைக்கு முன்னாடி 'ஆன்', 'ஃபார்' எதுவும் வராது. 'ஐ செட் பேக் எய்ட்டி பவுண்ட்ஸ்'னு சொன்னா இந்த அர்த்தமே வராது. இறந்தகாலத்துலயும் 'செட்'தான். விலை கேக்கவும் இது நல்லா உதவும்: 'ஹவ் மச் டிட் தட் செட் யூ பேக்?'

அடுத்து, இந்தியால நாம வேற அர்த்தத்துல பழகிட்ட ஒண்ணு: 'பர்ன் எ ஹோல் இன் யுவர் பாக்கெட்'. தக்காளி விலை ஏறினா நம்ம ஊர் இங்கிலீஷ் பேப்பர்ல இந்தத் தலைப்பு வரும், விலை கையைக் கடிக்குதுங்கிற அர்த்தத்துல. ஆனா பிரிட்டன்லயும் அமெரிக்காலயும் பாக்கெட்டைப் பொசுக்குறது விலை இல்ல, கையில இருக்குற காசு. 'த மணி வாஸ் பர்னிங் எ ஹோல் இன் ஹிஸ் பாக்கெட்'னா, செலவு பண்ணாம இருப்புக்கொள்ளலைன்னு அர்த்தம். லண்டன்காரர்கிட்ட 'திஸ் ஃபோன் வில் பர்ன் எ ஹோல்'னு சொன்னா ஒரு நொடி யோசிப்பார். விலை அதிகம்னு சொல்ல 'இட் காஸ்ட் எ ஃபார்ச்சூன்' போதும். கட்டுப்படியாகும்னா 'இட் வோன்ட் பிரேக் த பேங்க்'.

யார் காசு குடுக்குறாங்கங்கிறதுக்கும் வார்த்தை இருக்கு. ஹோட்டல்ல ஒருத்தரே மொத்தத்தையும் குடுத்தா 'பிக் அப் த டேப்', இங்க 'டேப்'னா பில். 'ஃபுட் த பில்'லும் அதே அர்த்தம்தான், அந்த 'ஃபுட்' சாப்பாடு இல்ல, பாதம். இது செய்திகள்லயும் வரும், வரி கட்டுறவங்க தலையில செலவு விழுறப்போ. அவங்கவங்க காசை அவங்கவங்க குடுத்தா 'கோ டச்'. 'நான் தர்றேன்'னு சொல்ல 'இட்ஸ் ஆன் மீ', எந்த நாட்லயும் புரியும். ஆஸ்திரேலியால ஒருத்தர் 'மை ஷவுட்'னு சொன்னா கத்தப்போறார்னு நினைக்காதீங்க, இந்தத் தடவை அவர் வாங்கித் தர்றார். பிரிட்டிஷ் பப்ல 'மை ரவுண்ட்', அதாவது எல்லாருக்கும் வாங்கித் தர்ற முறை இப்போ என்னோடது. ரவுண்ட்ல சேர்ந்துட்டு உங்க முறை வர்றப்போ நழுவினா அங்க ரொம்பத் தப்பா எடுத்துப்பாங்க.

தொகை சொல்றப்போ ஒரு கவனம். பவுண்டுக்கு 'க்விட்', ஆயிரத்துக்கு 'கிராண்ட்'. ரெண்டுக்கும் பன்மை 'ஸ்' சேராது: 'ட்வென்ட்டி க்விட்', 'டூ கிராண்ட்'. டாலருக்குச் சொல்ற 'பக்' மட்டும் 'ட்வென்ட்டி பக்ஸ்' ஆகும்.

அப்புறம் வயசான பிரிட்டிஷ்காரர் 'ஐ நீட் டு ஸ்பெண்ட் எ பென்னி'ன்னா கடையைத் தேடாதீங்க, அவர் பாத்ரூம் போகணும்னு சொல்றார். 1851ல லண்டன் ஹைட் பார்க் மாபெரும் கண்காட்சியில ஜார்ஜ் ஜென்னிங்ஸ் அமைச்ச கழிவறைக்கு ஒரு பென்னி கட்டணம். பிறகு ஊர் ஊரா வந்த பொதுக் கழிவறைக் கதவுலயும் அந்தக் காலத்துல ஒரு பென்னி போட்டாதான் பூட்டு திறந்துச்சு. பாத்ரூம் எங்கன்னு காட்டிவிடுங்க.